அசல் கையெழுத்து

“இது உங்கப்பா கையெழுத்தே இல்ல,” என்றார் வகுப்பு மிஸ்.

சர்க்கரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடமாக அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு அத்தனை ரேங்க் கார்டையும் கரையேற்றிய பையன் அவன். அப்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விடாத மிஸ், அவன் முதல்முறையாக ஒழுங்காக நடந்துகொண்ட அன்று விட்டுக்கொண்டு வந்திருந்தார். பலநாள் திருடன் ஒருநாள் அகப்படுவான் என்பார்கள். இவன் திருடாத நாளில் அகப்பட்டான்.

சர்க்கரை என்பது பள்ளிக்கூடம் வைத்த பெயர். கன்னத்தில் குழி விழ அவன் ஒரு சிரிப்புச் சிரித்தால் வாத்தியார்கள் கரைந்துபோவார்கள். படித்தவர்களுக்கு இவ்வளவு இளகிய மூளை ஆகாது. ஆனால் நான்கு நாள் சுற்றுலாவுக்குப் பஸ்ஸில் இடம் வேண்டுமானால், இன்றைக்குள் அப்பா கையெழுத்திட்ட படிவம் வந்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் அப்பாவையே கூப்பிடுவேன் என்று புது ஹெச்.எம். மிரட்டியதால்தான் பயல் யோக்கியனானான். படிவத்தை அம்மாவிடம் கொடுத்தான். அவள் அதை அப்பா இருந்த அறைக்குள் எடுத்துப்போய், கையெழுத்தோடு கொண்டுவந்தாள்.

மிஸ் பழைய ரேங்க் கார்டைப் பக்கத்தில் வைத்தார். “இதுல பாரு, கடைசியில சுழி, கீழ ரெண்டு புள்ளி. நீ கொண்டாந்ததுல ஒண்ணையும் காணோம்.”

சுழியும் புள்ளியும் சர்க்கரையின் சொந்தக் கற்பனை. கள்ளக் கையெழுத்திலும் அலங்காரம் தேடிய மகா கலைஞன்.

“அப்பாவுக்கு வலது கையில அடி மிஸ்,” என்றான், குரலைத் தாழ்த்தி.

“அடிபட்ட கையால இவ்வளவு அழகாவா போட்டாரு?”

“வாசல்லதான் இருக்கார் மிஸ். வேற ஃபாரம் குடுங்க, இப்பவே வாங்கிட்டு வரேன்.”

மாடிப்படி வளைவில் உட்கார்ந்து, சுழியும் புள்ளியுமாகப் போட்டு ஐந்தே நிமிடத்தில் திரும்பினான்.

“இதுதான் உங்கப்பா கையெழுத்து,” என்று மிஸ் மலர்ந்தார். “வாசல்லயா இருக்கார்? ஹெச்.எம். ரூமுக்கு வரச் சொல்லு. முதல் ஃபாரத்துல போட்டது யாருன்னு கேக்கணும்.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வண்டி நிறுத்த இடம் தேடுகிறார் என்று அரைமணி நேரம் சமாளித்து, அதற்குள் ஃபோன் போட்டு அப்பாவை வரவழைத்தான். தனியாக எங்கும் போய்ப் பழகாத அப்பா, அம்மாவையும் கூட்டிவந்தார்.

படியேறும்போதே பாடம் நடந்தது. “கையெழுத்துப் போடச் சொன்னா கடைசியில ஒரு சுழி, கீழ ரெண்டு புள்ளி வைங்கப்பா.”

“எதுக்குடா?”

“இப்பல்லாம் பெரிய மனுஷங்க அப்படித்தான் போடறாங்க.”

அப்பா நம்பினார். அவரது வலது கையில் கைக்குட்டையைக் கட்டியபோது காரணம்கூடக் கேட்கவில்லை. மகன் சிரித்தால் வீட்டிலும் அதே மயக்கம்தான்.

ஹெச்.எம். மேஜையில் இரண்டு படிவங்களும் காத்திருந்தன. “எது உங்களுது சார்?”

அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்து விழித்தார். ஹெச்.எம். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

அப்பா பேனாவை எடுத்தார். சர்க்கரை மனதுக்குள் கணக்குப் போட்டான். பஸ் போனால் போகட்டும், ஆறு வருட ரேங்க் கார்டும் கிளம்பி வந்தால் பள்ளிக்கூடமே போய்விடும். அப்பா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். சுழி போட்டார். புள்ளியை மட்டும் உற்சாகத்தில் மூன்றாக வைத்தார்.

“இது மூணாவது கையெழுத்து,” என்றார் ஹெச்.எம்.

சர்க்கரை உடைந்துபோனான். “மேடம், புள்ளி வச்சதெல்லாம் நான் போட்டது. ஆறு வருஷமா நான்தான் போடறேன். ஆனா முதல் ஃபாரம் சத்தியமா அப்பா போட்டது. அது ஒண்ணுதான் அசல்.” அழுதபோது கன்னத்தில் குழி விழவில்லை. வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் உண்மை, சிரிப்பில்லாமல் வந்தது.

கதவோரம் கைப்பையோடு நின்ற அம்மா முன்னால் வந்து, அப்பாவின் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“இவரை விட்டுடுங்க மேடம், அதுவும் நான் போட்டதுதான், எங்க கல்யாண ரிஜிஸ்டர்ல இருந்தே இவர் கையெழுத்தை நான்தானே போடறேன்.”