மயங்கியவன் கையில் மஞ்சள் நூல்

திருத்தணியில் மதுவிலக்கை அமல்படுத்தியது சர்க்கார் இல்லை. மலையடிவாரத்தில் பூ விற்ற காப்பக்காதான். சர்க்காரிடம் ஜீப்பும் லத்தியும் இருந்தன. அவளிடம் இருந்தது மஞ்சள் தடவிய நூல்கண்டு ஒன்று.

ஐம்பதுகளில் எங்கள் ஊர் ஆந்திராவுக்கா, மதராஸுக்கா என்று ஓயாத சண்டை. மதுவிலக்கு இரண்டு பக்கமும் உண்டு; சைக்கிள் டியூபில் வரும் சாராயமும் இரண்டு பக்கமும் உண்டு. தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் விழுந்து கிடப்பவர்களை எண்ணிக்கொண்டே போவேன். எண்ணாவிட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது.

காப்பக்கா எண்ணமாட்டாள், கட்டுவாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, மயங்கிக் கிடப்பவன் வலது மணிக்கட்டில் காப்பு கட்டி, "முருகா, ஆடிக் கிருத்திகை வரைக்கும் இவன் உன் ஆளு!" என்று மலையைப் பார்த்துக் கத்துவாள். காப்பு ஏறிய கை சாராயம் தொடக்கூடாது, கறி தொடக்கூடாது. விடியலில் குளிக்க வேண்டும், கிருத்திகைக்குக் காவடி எடுக்க வேண்டும். அறுத்தெறிய எந்தக் கொம்பனுக்கும் தைரியமில்லை.

"மயக்கத்துல கட்டினது செல்லுமா சாமி?" என்று ஒரு கும்பல் குருக்களிடம் முறையிட்டது.

"செல்லாதுன்னா அறுத்துக்கோங்க. நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து எங்கள் ஊர்க் குடிகாரர்கள் கைகளை வயிற்றுக்கடியில் மறைத்துக் குப்புற விழப் பழகினார்கள்.

ஒருமுறை, வெயிலில் அசந்து தூங்கிய போலீஸ்காரருக்கும் கட்டிவிட்டாள். பாவம், அவர் குடிக்காதவர். ஆனால் கறி போன கோபத்தில் அந்த ஆடி வரை ஒரு சாராயப் பானையைக்கூட அவர் முழுசாக விடவில்லை.

ஜட்கா முனுசாமி விஷயம்தான் சிரிப்பு இல்லை. குடித்துக் குடித்துக் குதிரையை விற்கிற நிலைக்கு வந்துவிட்டான். அவன் மனைவி ராஜம்மா பிள்ளைகளோடும் மூட்டையோடும் பஸ்ஸுக்கு நின்றாள்.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றாள் காப்பக்கா.

"பொதட்டூர்பேட்டை, நைனா வூட்டுக்கு. இனிமே வரமாட்டேங்க்கா."

"கிருத்திகை வரைக்கும் இரு. அப்பால நானே பஸ் ஏத்தறேன்."

முனுசாமி ஜட்கா சக்கரத்தடியில் குப்புறக் கிடந்தான். "இன்னா சார், பாத்துகினு நிக்கற? புரட்டு!" என்று என்னை அதட்டினாள். புரட்டினேன். கட்டினாள்.

எழுந்ததும் அவன் அழுதான், திட்டினான். பிறகு வண்டி ஓட்டினான். குதிரை மறுபடியும் கொள்ளு தின்றது. ராஜம்மா மட்டும் மூட்டையை அவிழ்க்கவில்லை.

கிருத்திகையன்று புஷ்பக் காவடியோடு மலையேறினான். மேலே காப்பைக் கழற்றிவிடுவார்கள். அடிவாரத்தில் ராஜம்மா மூட்டையோடு நின்றாள்.

முனுசாமி இறங்கி நேராகப் பூக்கடைக்கு வந்து கையை நீட்டினான்.

"அக்கா, அவுத்துட்டாங்க. கை லேசா இருக்குது, பயமா இருக்குது. முழிச்சிகினு இருக்கசொல்லவே கட்டிடு."

விழித்திருப்பவன் கையில் அவள் கட்டியதே இல்லை. அவள் கையிலிருந்து நூல் நழுவியது. ராஜம்மா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து முடிச்சைப் போட்டாள்.

நான் குடித்தவனில்லை. ஆனாலும் இந்த வயதிலும் பகலில் அசந்து எழுந்தால் முதலில் மணிக்கட்டைத்தான் பார்க்கிறேன். வெறுமையாக இருக்கிறதே என்று கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.