வண்டியில துப்பாக்கி இருக்கு, சம்மதமா?

உலகத்தில் ஒரு துப்பாக்கிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தவர் எங்கள் மூணுசாவி ஒருத்தர்தான். மற்றவர்கள் துப்பாக்கியைக் காட்டி ஆட்களைப் பயமுறுத்துவார்கள். இவர் தன் துப்பாக்கியைப் பார்த்துத் தானே பயந்து, குழலை ஒரு பெட்டியிலும் தோளில் வைக்கிற கட்டையை ஒரு பெட்டியிலும் தோட்டாவை ஒரு பெட்டியிலும் பூட்டி, மூன்று சாவியையும் மூன்று பேரிடம் பிரித்து வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். காந்தலூரில் யாரும் அதைக் கேட்டதில்லை.

மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்தவர். பெண்சாதி இல்லாத ஆள். வேலையை விட்டு வரும்போது, ஊருக்குப் போன துரையிடமிருந்து ஒரு கறுப்புக் காரையும் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டு வந்தார். வீடு காந்தலூரில். வயல் கீழே, மறையூர் போகிற வழியில். அவர் வயலுக்கு அடுத்தது எங்கள் வயல். எழுபத்தொன்றில் நான் கல்யாணமாகி வந்தபோது அந்தக் கார் அவர் வயல் ஓரத்து மரத்தடியில் நின்றது. யாரோ பெரிய அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளே இருந்தது ஒரு மூட்டை பூண்டு.

மூன்று பெட்டியும் காருக்குள்தான். குழல் பின் சீட்டுக்கு அடியில் தகரப்பெட்டியில். கட்டை டிக்கியில் மரப்பெட்டியில். தோட்டா முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில், எஸ்டேட்டில் பாறைக்கு வைக்கும் வெடிமருந்தைப் பூட்டுகிற இரும்புப் பெட்டியில். குழல் சாவி அவர் அரைஞாணில். கட்டைச் சாவி சாயாக்கடைக்காரரிடம். தோட்டாச் சாவி என்னிடம்.

என்னிடம் எப்படி வந்தது என்றால், நான் வந்த ஆறு மாதத்தில் அந்த ஊரில் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேச வராமல் இல்லை, வெட்கம். அத்தை கேட்டால் தலையை ஆட்டுவேன். வீட்டுக்காரர் கேட்டால் அதுவும் இல்லை. ஒரு நாள் மூணுசாவி எங்கள் வாசலில் வந்து நின்று, "இந்த ஊருல வாயத் தொறக்காத ஆளு ஒம் மருமக ஒருத்திதான். பேசுறவன்கிட்ட சாவியக் குடுத்தா பேச்சோட பேச்சா அதுவும் போயிரும்" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை அதை வாங்கி என் தாலிக் கயிற்றில் முடிந்துவிட்டார். ஊமைக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று தெருவே சிரித்தது.

லைசன்ஸ் பயிர்க் காவலுக்குத்தான். வயலுக்கென்று கொடுத்த துப்பாக்கி வயலில் இல்லாவிட்டால் சட்டம் கேள்வி கேட்கும் என்பது அவர் கட்சி. அதனால் தினமும் காலையில் துப்பாக்கியைக் காரில் ஏற்றிக்கொண்டு வயலுக்கு வருவார். ஆள் இல்லாத இடத்தில் விடக் கூடாது என்று பொழுது சாயும் முன் திரும்பக் கொண்டுபோவார். காட்டுப்பன்றி வருவதோ இருட்டிய பிறகு. பகலில் துப்பாக்கி வயலில், பன்றி காட்டில். இரவில் பன்றி வயலில், துப்பாக்கி வீட்டில். எத்தனை வருஷம் போனாலும் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.

அவர் காரில் ஏறுவது லேசான காரியம் இல்லை. யார் ஏற வந்தாலும் கதவுக்கு முன்னால் நின்று ஒப்பிப்பார். "வண்டியில துப்பாக்கி இருக்கு. குழல் சீட்டுக்கு அடியில, கட்டை டிக்கியில, தோட்டா முன்னால. எல்லாம் பூட்டியிருக்கு. சம்மதமா?" ஏறுகிற ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சம்மதம் என்று சொன்னால்தான் கதவு திறக்கும். கல்யாணப் பெண் ஒருத்தியை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகிற அவசரத்திலும் விடவில்லை. அந்தப் பெண் மாப்பிள்ளைக்குச் சொல்லும் முன் துப்பாக்கிக்குச் சம்மதம் சொன்னாள். எனக்கு மட்டும் அத்தை, "அவளுக்கும் சேத்து நானே சம்மதம்" என்பார். அவருக்கு அது பிடிக்காது. சட்டப்படி செல்லுமோ என்னமோ என்று முனகிக்கொண்டேதான் வண்டியை எடுப்பார்.

வழியில் சந்தனக்காட்டு செக்போஸ்ட் உண்டு. காவலுக்கு நிற்கிற கார்டு கேட்காமலே இறங்கிப்போய் அதே பாட்டைப் பாடுவார். தினமும் இரண்டு தடவை. கார்டு பாவம், மலையாளத்துக்காரர். "அறியாம், அறியாம், போய்க்கோ" என்று, தெரியும் போ என்று, கையெடுத்துக் கும்பிடுவார். நோட்டில் எழுதாமல் இவர் நகர மாட்டார். ஒரு தடவை கார்டு சோறு உண்ணப் போயிருந்தார். பின்னால் பஸ் வந்து நின்று, அதற்குப் பின்னால் லாரி வந்து நின்று, அத்தனை பேரும் இவரைத் திட்டியும், கார்டு கை கழுவிவிட்டு வரும்வரை காரை நகர்த்தவில்லை.

அதையெல்லாம் மிஞ்சியது ஜில்லாக் கூத்து. எங்கள் பக்கத்தைக் கோட்டயத்திலிருந்து பிரித்து இடுக்கி என்று புது ஜில்லா ஆக்கினார்கள். இவர் லைசன்ஸை எடுத்துப் பார்த்தார். கோட்டயம் ஜில்லா என்று போட்டிருந்தது. நாம் நிற்பது வேறு ஜில்லா, இனி இதை வெளியே எடுத்தால் நான் குற்றவாளி என்று காரை ஷெட்டில் பூட்டிவிட்டார். நடந்தே வயலுக்கு வந்தார். எழுத்தைத் திருத்தித் தரச் சொல்லி தேவிகுளம் தாலுகா ஆபீசுக்கு மாதக்கணக்கில் பஸ் ஏறினார். அங்கே கிளார்க் ஒருத்தர், "ஜில்லா மாறிய விவரம் பன்னிக்கு அறியுமோ?" என்று கேட்டாராம். அதை ஊரில் வந்து சிரிக்காமல் சொன்னார். இடுக்கி என்று திருத்தி வாங்கிய பிறகுதான் கார் மறுபடி வெளியே வந்தது.

காரின் முன் சீட்டில், அவருக்குப் பக்கத்தில், யாரையும் உட்கார விட மாட்டார். முதுகு சாய்கிற இடத்தில் ஒரு கை அகலத்துக்குச் சாக்குத் துணி வைத்துத் தைத்திருக்கும். பின்னால் ஆறு பேர் ஒருவர் மேல் ஒருவர் நெரிந்து உட்கார்ந்தாலும் முன் சீட்டு காலியாகவே வரும். துப்பாக்கிக்கு ரிசர்வ் செய்த சீட்டு என்று கேலி பேசுவோம். நானும் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

எங்கள் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் வாய்க்கால் தகராறு. முறைத் தண்ணீர் எங்களுக்கு வரும் நாளில் அண்ணன் மடையைத் திருப்பிவிடுவார். மூன்று முறை விட்டுக்கொடுத்தோம். உருளைக்கிழங்குச் செடி காய்ந்து படுத்துவிட்டது. நாலாம் முறை மடையைத் திறக்கப் போனவரை அண்ணன் மண்வெட்டிக் காம்பால் அடித்தார். காது கிழிந்து தொங்க, சட்டையெல்லாம் ரத்தமாக வந்தார் இவர். நல்ல உச்சி வெயில். நான் வயல் குடிசையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். மூணுசாவி ஓடையில் குளிக்கப் போயிருந்தார்.

எங்கள் வீட்டுக்காரர் குடிசையில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். நேரே காருக்குப் போனார். தகரப்பெட்டி ஒரே குத்தில் பிளந்தது. டிக்கியை நெம்பினார், மரப்பெட்டியை உடைத்தார். எது எங்கே இருக்கிறது என்று அவர் தேடவே இல்லை. வருஷக்கணக்காகக் கதவுக்கு முன்னால் நின்று ஒப்பித்தாரே மூணுசாவி, அது ஊருக்கே மனப்பாடம். இரும்புப் பெட்டி மட்டும் கடப்பாரைக்கு அசையவில்லை.

குழலைக் கட்டையில் மாட்டுகிற சத்தம் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் பாடையில் போவார், இன்னொருத்தர் கயிற்றில் போவார். தாலிக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தேன். எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கொதிக்கிற கஞ்சிப் பானைக்குள் போட்டேன்.

வந்தார். "சாவி" என்றார். நான் அடுப்பைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இல்லை. அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. அரிசிப் பானையைக் கவிழ்த்தார், துணி மூட்டையை உதறினார். கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பொங்கி வழிந்தபோது வழக்கம்போல நான் அகப்பையால் கிண்டிவிட்டேன். அடியில் சாவி கிணுகிணுத்தது. அவருக்குக் கேட்கவில்லை. ஒரு காது கிழிந்திருந்தது, இன்னொன்றில் கோபம்.

வெளியே வரப்பில் நின்று அவர் அண்ணன் கூப்பிட்டார். "சுடுலே பாப்போம். பொண்டாட்டிகிட்ட கெஞ்சிக் குண்டு வாங்கிட்டு வா. நான் நிக்கேன்."

அப்போதுதான் மூணுசாவி ஈரத் துண்டோடு வந்து சேர்ந்தார். உடைந்த பெட்டிகளைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் கையில் முழுசாக இருந்த துப்பாக்கியைப் பார்த்தார். அது முழுசாக இருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் திட்டவில்லை. காரின் முன் கதவைத் திறந்து, சாக்குத் துணித் தையலை விரலால் பிய்த்து எடுத்தார்.

"இங்க வா. இதுல வெரல விட்டுப் பாரு."

அவர் சொன்ன தினுசில் எங்கள் வீட்டுக்காரர் போனார். சீட்டில் ஓர் ஓட்டை இருந்தது. விரலை விட்டார்.

"எம் பொஞ்சாதி உக்காந்திருந்த எடம்" என்றார் மூணுசாவி. "போடிமெட்டு எறக்கம். துரை துப்பாக்கியப் பின் சீட்டுல வையின்னாரு, வச்சேன். உள்ள குண்டு இருக்கான்னு நான் பாக்கல. ஒரு பள்ளத்துல வண்டி குலுங்குச்சு. ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. பாதியில நின்னு போச்சு. இதே வண்டி. ஒங் கையில இருக்கிறதும் அதே துப்பாக்கிதான். இன்னொருத்தன் கையில சிக்கக் கூடாதுன்னுதான் எம் பேருல எழுதி வாங்குனேன்."

எங்கள் வீட்டுக்காரர் விரலை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, அந்தச் சீட்டிலேயே தலையை முட்டிக்கொண்டு அழுதார். வரப்பில் நின்ற அண்ணன் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

பூட்டு உடைந்தால் அன்றே ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். மூணுசாவி சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். கார்டு சோறு உண்டு வரும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்தவர். நடந்தது நடந்தபடி சொன்னால் எங்கள் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போவார். தோட்டாச் சாவி வைத்திருந்த ஆளும் வர வேண்டும் என்றார் மூணுசாவி. கஞ்சியை வடித்துச் சாவியை எடுத்துக்கொண்டேன். சேதி கேட்டு ஓடி வந்த அத்தையும் கூட வந்தார். அந்த நிலையிலும் கதவுக்கு முன்னால் நின்று அவர் ஒப்பித்தார். உடைந்த பெட்டியை உடைந்திருக்கிறது என்று திருத்திச் சொன்னார். அத்தை எனக்கும் சேர்த்து அழுதுகொண்டே சம்மதம் சொன்னார்.

மறையூர் ஸ்டேஷனில் ஏட்டு ஒருத்தர் இருந்தார். எங்களைப் பார்த்ததுமே, "துப்பாக்கி மூணு பீஸாட்டு உண்டு, அதானே?" என்று சிரித்தார்.

"இல்ல. ஒண்ணா இருக்கு" என்றார் மூணுசாவி. "சாவி கஞ்சிப் பானையில விழுந்துருச்சு. நான்தான் கடப்பாரையப் போட்டு ஒடச்சேன்."

"என்ன அவசரம்?"

"பன்னி."

"பகல்லயா?"

"பகல்லதான்."

ஏட்டு அவரைப் பார்த்தார், அவர் அரைஞாணில் தொங்கிய குழல் சாவியைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த சாவியில் கஞ்சி ஒட்டியிருந்ததையும் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் எழுதினார்.

தன் பூட்டைத் தானே உடைக்கிறவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று மூணுசாவியே சொல்லி, லைசன்ஸ் காகிதத்தையும் மேஜையில் வைத்தார். துப்பாக்கியைக் கொடுக்கும்போது மட்டும் அவர் கை விடவில்லை. ஏட்டு இழுக்க வேண்டியிருந்தது. "இத யாருக்கும் குடுத்துராதீக" என்றார். அது தன் கையில் இல்லை என்று ஏட்டு உள்ளதைச் சொன்னார். இரும்புப் பெட்டியோடு என் சாவியும் அங்கேயே போயிற்று.

வெளியே வந்தோம். மூணுசாவி வழக்கம்போலக் கார்க் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். "வண்டியில" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தபடியே நின்றார். அத்தை தரையைப் பார்த்தார். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதவைத் திறக்க அவருக்கு வழி தெரியவில்லை.

"சம்மதம் அய்யா" என்றேன். அத்தனை பேர் நடுவில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கதவைத் திறந்தார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கார் ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லை என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றால், அவர் வாயைத் திறக்கும் முன் நான் சொல்லிவிடுவேன்.