கட்கியில் வியர்த்த குதிரை

1996 ஜூலையில் மராத்தி ஊரான கட்கியின் பஜாரில் மழைக்கு ஒதுங்கக்கூட இடமில்லை. அவ்வளவு கூட்டம். ஏன்? ஒரு குதிரைக்கு வியர்த்தது. வெண்கலக் குதிரை!

நூற்றிருபது வருஷத்துக்கு முன் எவனோ ஒரு துரை பங்களாவுக்காக வார்க்கச் சொன்ன அபூர்வச் சிலை. ஆட்டுக்குட்டி உயரம். பழைய சாமான் கடையில் கிடந்ததைக் கோவிந்தராஜன் என்பவர் தூக்கி வந்தார். வந்த வழியிலேயே சாமியாராகிவிட்டார். தமிழர்களிடம் இது அய்யனார் குதிரை என்றார். மராத்திக்காரர்களிடம் அவர்கள் சாமி கண்டோபாவின் குதிரை என்றார். குதிரை இரண்டையும் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சாமி அரைமணி நேரம் திரை போடுவார். அதற்குள் குதிரை ஊரைச் சுற்றி ஓடி, நோய்களை மிதித்துவிட்டு வந்துவிடுமாம். திரை விலகினால் உடம்பெல்லாம் முத்து முத்தாக வியர்வை! பஞ்சில் ஒற்றித் தண்ணீரில் பிழிந்தால் தீர்த்தம். குடித்தவருக்கு மாத்திரை வேண்டாம்.

வனஜா குடித்தாள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம். கால் புண் ஆறவில்லை. ஒரு வியாழக்கிழமை தலைசுற்றி விழுந்தாள். தூக்கி உட்காரவைத்தவள் அக்கா பவுன். பவுன் பக்கத்து ஊர் போசரியில் ஒரு வார்ப்பாலையில் கோர் செய்கிறவள். வார்க்கும் பொருளின் உள்பக்கம் காலியாக இருப்பதற்காக அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டிதான் கோர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை தங்கையோடு வந்த பவுன், திரை விலகியதும் குதிரை முதுகில் கை வைத்தாள்.

"சாமி, ஓடி வந்த குதிரை சூடால்ல இருக்கணும்? இது ஏன் சில்லுனு இருக்குது?"

"அது... தெய்வீகக் குளிர்ச்சிம்மா!"

பவுன் எதிர்ச் சோடாக் கடையில் ஐஸ் கேட்டாள். "சாமி மொத்தமா வாங்கிட்டாரு, மிச்சம் இவ்ளோதான்" என்று கடைக்காரர் நாலு துண்டு கொடுத்தார். அதை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குதிரை பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் டம்ளருக்கும் வியர்த்தது.

"இது எந்த ஊரச் சுத்திட்டு வந்துச்சு?"

கூட்டம் யோசித்தது என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு பேர் டம்ளரைக் கும்பிட்டார்கள்.

பவுன் தலையில் அடித்துக்கொண்டாள். "வனஜா, ஒரு கை பிடி!" இருவரும் குதிரையைப் புரட்டினார்கள். அடிவயிற்றில் ஒரு மூடி இருந்தது; அதைத் திருகியதும் ஐஸ் கட்டிகள் கடகடவென்று கொட்டின. சாமி ஓடிய ஓட்டத்தில் அவருக்கு நிஜமாகவே வியர்த்தது.

வனஜா அழுதாள். "நட, டாக்டர்கிட்ட" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்ட பவுன், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள காலியா இருக்கணும்னு வார்ப்புக்கு நாங்க கோர் வெக்கிறோம். உங்க தலைக்கு யாருய்யா வெச்சது?"