கடைசி இடத்துக்கு ஒரு பிளக்ஸ்

முதலில் மன்னிப்பு. நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பாத்திரத்தின் மேல்தான். சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு சின்னப் பாத்திரக்கடை இருக்கிறது. குடமோ குத்துவிளக்கோ வாங்குகிறவர்கள் பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள், மிஷினில் வெட்டிக் கொடுப்பேன். 'அன்பளிப்பு' என்ற சொல்லை என்னைவிட அதிகமாக எழுதினவர் யாரும் இருக்க முடியாது. அதற்கு மேல் ஒரு கட்டுரை எழுத உட்காருவது என் தகுதிக்கு மீறின காரியம்தான். ஆனால் இந்தக் கதையைப் பக்கத்துக் கடை ஷேக் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஒவ்வொரு தடவையும் என்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிச் சொல்கிறான். உள்ள முட்டாள்தனத்தை நானே அளவாகச் சொல்லிவிட்டால் நல்லது என்று பட்டது.

நான் கூச்ச சுபாவி. எவ்வளவு கூச்சம் என்றால், எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். (மாப்பிள்ளைக்கு ஏதும் தொலைஞ்சு போச்சா என்று பெண்வீட்டில் ஒருவர் தேடவே ஆரம்பித்துவிட்டாராம்.) அப்படிப்பட்டவன் ஃபுட்பால் விளையாடப் போய்ச் சீரழிந்தேன். விளையாடினது காலால் இல்லை, போனில்.

ஷேக் கடையநல்லூர்க்காரன், ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே என்னோடு படித்தவன். பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, என் கடைக்கு அடுத்தாற்போல் செல்போன் கடை வைத்திருக்கிறான். அங்கே இருந்தபோது வெளிநாட்டு ஃபுட்பால் பார்த்துப் பைத்தியமாகி, ஊருக்கு வந்தும் தெளியவில்லை. ஒருநாள் டீக்கடையில் என்னைப் பிடித்தான்.

"ஏலே சங்கரா, ஏழு பேரு சேந்துட்டோம். ஏழுன்னா வாரா வாரம் ஒருத்தன் சோடி இல்லாம சும்மா இருக்கணும். நீயும் வந்துட்டா சரியாப் போயிரும்."

"எனக்கு ஃபுட்பால் தெரியாதேலே."

"தெரிஞ்சவனையா தேடுதோம்? எட்டாவது ஆளைத் தேடுதோம்."

அந்தத் தகுதியில்தான் சேர்ந்தேன். ஆட்டம் இதுதான். வெளிநாட்டில் நிஜமாக விளையாடுகிற ஆட்களில் பதினோரு பேரை நாம் போனில் பொறுக்கி ஓர் அணி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கோல் போட்டாலோ, கோலைத் தடுத்தாலோ நமக்குப் புள்ளி. அணியில் ஒருவனைக் கேப்டன் ஆக்கலாம், அவன் புள்ளி இரண்டு மடங்கு. அவன் அன்றைக்கு இறங்காவிட்டால் துணைக் கேப்டனுக்கு அந்த இரண்டு மடங்கு போகும். வாரா வாரம் எட்டுப் பேரும் நாலு சோடியாக மோத வேண்டும். லீக் வாரங்கள் முடிந்ததும் முதல் நாலு பேர் அரையிறுதிக்குப் போவார்கள்.

கடைசி ஆளுக்கு? அதைச் சொன்னவர் பரமசிவம். உரக்கடை வைத்திருக்கிறார். எந்த வீட்டு விசேஷத்திலும் மைக் கிடைத்தால் விடமாட்டார்.

"கடைசியா வாரவன், மொதல்ல வந்தவனை வாழ்த்தி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல பிளக்ஸ் வைக்கணும் வே. கையெடுத்துக் கும்பிட்ட மாதிரி போட்டோ போட்டு."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். (எட்டுப் பேரில் எவனோ ஒருத்தன் மாட்டப்போகிறான் என்று நினைத்துத்தான். அந்த ஒருத்தன் என் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.)

எனக்கு அந்த ஆட்கள் பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. முகத்தைப் பார்த்துப் பொறுக்கினேன். நல்ல அடர்ந்த தாடி வைத்த ஒருவனைக் கேப்டன் ஆக்கினேன், அவன் 'தாடிக்காரன்'. கோல் கீப்பர் ஒருவன், திருவேங்கடம் டவுன் பஸ்ஸில் வருகிற கண்டக்டரை உரித்து வைத்தது போல் இருந்தான். தெரிந்த முகம் என்று அவனைத் துணைக் கேப்டன் ஆக்கினேன். அந்தக் கண்டக்டர் ஆடுகிற வெளிநாட்டு அணியிலேயே தலையைச் சீவிச் சீவி விட்டுக்கொள்கிற ஒரு டிஃபெண்டர் இருந்தான், அவனையும் எடுத்தேன். அவன் 'மாப்பிள்ளை'. இப்படி அணி சேர்த்தால் எப்படி விளங்கும்? மாசி மாதம் லீக்கின் கடைசி வாரம் வந்தபோது ஷேக் முதலிடத்தை யாரும் தொட முடியாத தூரத்தில் இருந்தான். அடியில் நானும் பரமசிவமும் சமமாகக் கிடந்தோம். கடைசி வாரத்தில் மோதவேண்டிய சோடியும் நாங்களேதான். தோற்கிறவனுக்குப் பிளக்ஸ்.

பரமசிவத்துக்குக் கவலையே இல்லை. "தோத்தா ஒண்ணுக்கு நாலாக் கட்டிருவேன் வே. எம் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?" என்றார்.

எனக்கு அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் கும்பிட்டுக்கொண்டு நிற்க, சிவகிரி பஸ்ஸும் ராஜபாளையம் பஸ்ஸும் என்னைச் சுற்றிக்கொண்டு போவது போல் ஓயாமல் தோன்றியது. என் மனைவி செல்வி கேட்டாள்.

"ஒரு போட்டோவுக்கா இந்தப் பாடு படுதிய? உங்க மூஞ்சிய நான் தெனமும் பாக்கேன், எனக்கு ஒண்ணும் ஆவலையே."

அந்த வாரம் சனிக்கிழமை ஆட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அணியைப் பூட்டிவிடுவார்கள், ஏழரைக்கு ஆட்டம். பூட்டின பிறகு யாரையும் மாற்ற முடியாது. முகூர்த்த மாதம் என்பதால் ஞாயிறும் கடை திறந்திருந்தேன். சிவகிரியிலிருந்து ஒரு குடும்பம் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்தது. நாலு மணி வாக்கில் ஷேக் போன் செய்தான்.

"சங்கரா, உன் தாடிக்காரனுக்கு முழங்கால்ல அடியாம். இன்னைக்கு எறங்க மாட்டான். வேற ஆளைப் போட்டு அவனைக் கேப்டன் ஆக்கிரு. ஆறு மணிக்குள்ள செய்யி, என்ன?"

சரி என்றேன். ஆனால் சிவகிரிக்காரர்களுக்கு அண்டா பிடித்தால் மூடி பிடிக்கவில்லை, மூடி பிடித்தால் அண்டா பிடிக்கவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் நாலே முக்கால். நாள்காட்டியைப் பார்த்தேன். ஞாயிறு ராகுகாலம் நாலரை முதல் ஆறு.

இதை நீங்கள் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். என் தொழிலில் ராகுகாலத்தில் யார் பெயரையும் வெட்டக்கூடாது. கல்யாணப் பாத்திரம் வாங்குகிறவர்களே "அண்ணாச்சி, ராகுகாலம் போவட்டும், பெறகு வெட்டுங்க" என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். இத்தனை வருஷத்தில் அது கையோடு ஊறிவிட்டது. அந்த நேரத்தில் புதிதாக எதைத் தொடங்கவும் என் விரல் மடங்காது. பிளக்ஸ் தலைக்கு மேல் தொங்குகிற நாளில் ராகுகாலத்தில் கேப்டனை மாற்ற எனக்கு என்ன பைத்தியமா?

ஐந்து மணிக்கு ஷேக் எட்டிப் பார்த்தான்.

"மாத்திட்டியா?"

"ராகுகாலம் முடியட்டும்லே."

அவன் உள்ளே ஏறி வந்தான். "எப்ப முடியுது?"

"ஆறு மணிக்கு."

"அவன் எப்பப் பூட்டுதான்?"

"ஆறு மணிக்கு."

"ஏலே, அந்தத் தாடிக்காரன் இருக்க ஊர்ல இப்பம் மத்தியானமே ஆவல. உன் ராகுகாலம் கடலைத் தாண்டி அங்கன போவுமாலே?"

"ஆட்டம்தானே அங்கன. அமுக்குதது இங்கன இருந்துல்லா."

இதற்கு அவனிடம் பதில் இல்லை. (இன்றைக்கும் இல்லை. இந்தக் கதையில் நான் ஜெயித்த இடம் இது ஒன்றுதான்.)

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டேன். புது ஆளைப் பார்த்து வைத்தாயிற்று. விரலைப் பட்டனுக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் பிடித்துக்கொண்டேன். ஷேக் பக்கத்தில் நின்று "அமுக்குலே, அமுக்கித் தொலைலே" என்று கெஞ்சினான். நான் போன் மூலையில் இருக்கிற மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொன்பது போய்ச் சரியாக ஆறு ஆனது. ராகு விலகினான். அமுக்கினேன்.

இந்த வாரத்துக்கு நேரம் முடிந்துவிட்டது என்று சிவப்பில் வந்தது.

ஷேக் என்னைத் திட்டவில்லை. அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த அண்டா மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஏழரைக்கு அவன் கடை டிவியில் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தோம். பரமசிவம் ஒரு பொட்டலம் முறுக்கோடு வந்தார். நடந்ததைக் கேட்டு முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார்.

"நான் அஞ்சே காலுக்குல்லா ரெண்டு பேரை மாத்துனேன். ராகுகாலமாவே அது?" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே பயம் தெரிந்தது. எனக்கு லேசாக நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடிதான் ஆட்டமும் போனது. தாடிக்காரன் இறங்காததால் கண்டக்டர் கேப்டன் ஆனான், அவன் புள்ளி இரட்டிப்பு. அவனோ பஸ் படிக்கட்டில் யாரையும் தொங்கவிடாத கண்டக்டர் மாதிரி, ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. பாதி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பெனால்டி வந்தது. இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னை ஆறாம் வகுப்பிலிருந்து தெரிந்த ஷேக், நான் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டானாம்.

"ராகு ஒம்ம பக்கம்தான் வே," என்றார் பரமசிவம். அவருடைய ஆட்கள் போட்ட கோலையெல்லாம் சேர்த்தாலும் நான் முன்னால் இருந்தேன். ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷம்தான் பாக்கி. நான் செல்விக்குப் போன் போட்டு, "தப்பிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அப்போது எதிரணிக்காரன் ஒருவன் சும்மா ஒரு பந்தை உள்ளே தூக்கிப் போட்டான். அதை வெளியே தள்ள வேண்டியது மாப்பிள்ளையின் வேலை. அவன் முடி கலையாமல் தலையால் முட்டினான். பந்து அழகாக வளைந்து கண்டக்டரின் கைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. சேம் சைடு கோல்.

என் ஆளே என் ஆளுக்குக் கோல் போட்டிருக்கிறான். மாப்பிள்ளைக்குப் புள்ளியைக் குறைத்தார்கள். கோல் விடாமல் காத்ததற்காகக் கண்டக்டருக்கு இருந்த புள்ளி போயிற்று, அதுவும் இரண்டு மடங்காக. மூன்று புள்ளி வித்தியாசத்தில் பரமசிவம் ஜெயித்தார்.

அவர் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடும் வே," என்றார்.

பிளக்ஸ் அடிக்கிற கடைக்கு ஷேக்தான் என்னைக் கூட்டிப்போனான். போட்டோ எடுக்கையில் நான் தரையைப் பார்த்ததால், தலையை மட்டும் எப்படியோ நிமிர்த்தி எடுத்து, வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டினார்கள். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கும்பிட்ட கையில் கெட்டி மோதிரம். நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிட்டார்கள். கீழே என்ன எழுத என்று கேட்டார் கடைக்காரர். நான் அவரைத் தனியே கூப்பிட்டு, "ஃபுட்பால், கடைசி இடம், ஷேக்குக்கு வாழ்த்து, இந்த மூணையும் மட்டும் கண்ணுக்குத் தெரியாத மாதிரிச் சின்னதாப் போட்டுருங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர். எறும்பு மாதிரிப் போட்டுவிட்டார்.

நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அதுதான். பிளக்ஸ் ஏறினதும் ரோட்டில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது மூன்றே விஷயம். என் முகம், கும்பிட்ட கை, 'உங்கள் சங்கரநாராயணன்'.

மத்தியானத்துக்குள் கடைக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது. முதலில் வந்தவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர்.

"அண்ணாச்சி தேர்தல்ல நிக்கப் போறிய போல. நல்ல காரியம். எங்க தெரு லைட்டு எரிய மாட்டேங்குது, கொஞ்சம் பாக்கணும்."

நான் நிற்கவில்லை, ஃபுட்பாலில் கடைசியாக வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றேன்.

அவர் திருப்தியாகப் போய்விட்டார். அடுத்து ஒருவர் வாறுகாலில் சாக்கடை அடைத்துக்கொண்டதைச் சொன்னார். "பாக்கலாம்." பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஒருவர், தூக்குவாளிக்கு விலை கேட்டுக்கொண்டே, பஸ் ஊருக்குள் வராமல் போவதைச் சொன்னார். "பாக்கலாம்." இன்னொருவர் குரலைத் தணித்து, "எந்தக் கட்சின்னு முடிவாயிட்டா?" என்றார். அதற்கும் அதேதான் என் வாயில் வந்தது. அவர் வெளியே போய் இன்னொருவரிடம், "ஆளு பழம் தின்னு கொட்டை போட்டவரு. வாயவே தொறக்க மாட்டேங்காரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

சாயங்காலம் பரமசிவம் வந்தார். பிளக்ஸைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முகம் வாடியிருந்தது.

"தோத்த ஒமக்கு பிளக்ஸ், ஜெயிச்ச எனக்கு ஒரு டீ கூடக் கெடையாது. இதுல என்ன வே நியாயம் இருக்கு?" என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டில் அன்றைக்கு விழுந்த பெயர் இன்னும் போகவில்லை. செல்வி ஏதாவது கேட்டு நான் பதில் சொல்லத் தாமதித்தால், மகள் கோமதி, "அம்மா, வேட்பாளர் பாக்கலாம்னு சொல்லுதாரு, எழுதிக்கோ" என்பாள். போன மாதம் பெண் பார்த்துவிட்டுப் போன சம்பந்தி வீட்டாரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் தலை நிமிர்ந்து சிரித்துவிட்டேன் என்று செல்வி சொல்கிறாள். எனக்குத் தெரியாது.

பிளக்ஸ் ஏறின மறுநாள் நல்ல காற்று. ஒரு பக்கக் கயிறு அறுந்து தொங்கியதால் அங்கே இருந்த டீக்கடைக்காரர் அதை அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். செல்வி போய் வாங்கி வந்தாள். மொட்டை மாடியில் விரித்துக் கூழ்வத்தல் பிழிந்தாள். இரண்டு வெயிலில் காய்ந்துவிட்டது.