ஏணிவிழுங்கி என்று உறையில் வந்தது எப்படி?

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் தங்கை நான்கு நாட்களாக என்னோடு பேசவில்லை. பதினோரு வருடங்களுக்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. என் மகளின் திருமண அழைப்பிதழ் வந்த உறையின் மேல் ‘திரு. ஏணிவிழுங்கி அவர்கள்’ என்று இருந்ததையும், நீங்கள் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, “உன் வீட்டுக்காரர் நிக்கிற மண்டபத்துல நான் கால் வைக்க மாட்டேன்” என்று சொன்னதையும் அறிந்தேன். அது என் குற்றமல்ல. ஒரு கணினி மொழியின் குற்றம். குற்றம் என்றுகூடச் சொல்லக் கூடாது, மகத்துவம்.

எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு என்னைவிடப் பதினாறு வயது இளைய ஒருவருக்குப் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கை சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள். எனக்குக் கணினி தெரியாதாம். கணிதத்தில் முதுகலை முடித்தவனிடம் சொன்ன சொல் அது. மறுநாளே மாலை வகுப்பில் சேர்ந்தேன். எல்லோரும் சுலபமானதைக் கற்றார்கள். நான் வீம்புக்கு ‘சி’ என்ற கணினி மொழியைக் கேட்டு வாங்கினேன். வஞ்சம் தீர்க்கப் போன இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை.

நாம் பெயர் என்று சொல்வது அந்த மொழிக்கு அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்திருக்கும் எழுத்துகள், முடிவில் ஒரு பூஜ்யம், அவ்வளவுதான். நாற்பத்தொரு பெயர்களின் பட்டியல் என்றால் அந்தப் பட்டியலில் பெயர்களே கிடையாது. ஒவ்வொரு பெயரும் எங்கே தொடங்குகிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். பட்டியலை ஒரு செயற்கூறிடம், அதாவது சொன்ன வேலையைச் செய்து முடிக்கும் நிரல் துண்டிடம், ஒப்படைக்கும்போது பட்டியலும் போவதில்லை; அதன் முதல் வரி எங்கே இருக்கிறது என்ற ஒரே ஒரு முகவரி போகிறது. முகவரியின் முகவரி. அதற்கு இரண்டு நட்சத்திரக் குறி போட வேண்டும். என் மேலாளர் ஒரு தாளை அடுத்த மேசைக்கு அனுப்ப மூன்று பிரதி எடுப்பார். இங்கே லட்சம் பெயர்களானாலும் ஒரு எண் போய்ச் சேர்ந்தால் போதும். அது புரிந்த மாலை, பேருந்தில் என் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். ஒரே குறை, மொத்தம் எத்தனை பெயர் என்று செயற்கூறுக்குத் தெரியாது. நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணுவதும் பூஜ்யத்திலிருந்து. முதல் பெயர் பூஜ்யம், கடைசிப் பெயர் நாற்பது. ஆகவே அழைப்பிதழ் உறைகளுக்காக நான் எழுதிய நிரலில் நாற்பது என்றே சொல்லிவைத்தேன். அந்தக் கடைசிப் பெயர் உங்களுடையது. உங்களைக் கடைசியில் போட்டது அகரவரிசைப்படி அல்ல என்பதை மறைக்கப்போவதில்லை.

அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை மகள் தட்டச்சு செய்து கொடுத்தாள். அதில் பாதிப் பேர் என்னை ஏதோ ஒரு விதத்தில் வயிறெரிய வைத்தவர்கள். ஆகவே இரண்டாவது பட்டியல் ஒன்றை உண்டாக்கி, முதல் பட்டியலில் உள்ளதை அப்படியே அதற்குள் நகலெடுத்து, அந்த நகலைப் பட்டப்பெயர் சூட்டும் ஒரு செயற்கூறிடம் கொடுத்தேன். திரையில் ஒரு முறை பார்த்துச் சிரித்துவிட்டு அழித்துவிடுவதாக எண்ணம். மேலாளர் கொட்டாவி மன்னர் ஆனார். தினமும் என் செய்தித்தாளை எனக்கு முன் படித்துவிடும் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஓசிப்பேப்பர் ஆனார். நீங்கள் பதினோரு வருடங்களுக்கு முன் என் ஏணியை வாங்கிப்போய் ஒரு படி குறைவாகத் திருப்பிக் கொடுத்து, “வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு மாப்பிள்ளை” என்றவர். உங்கள் பட்டம்தான் உங்களுக்கே தெரியுமே. பிறகு நல்ல பிள்ளையாக முதல் பட்டியலை அச்சிடக் கொடுத்தேன். வந்த ஒட்டுத்தாள்களை உங்கள் தங்கை கண்ணாடி இல்லாமல் உறைகளில் ஒட்டினாள். கண்ணாடியின் மேல் அன்று காலை நான் உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

உங்கள் தொலைபேசி வந்த பிறகு மகள் நிரலின் நடுவிலிருந்த நாலு வரியைப் பார்த்தாள். “அப்பா, நீங்க நகல் எடுத்தது பேரை இல்ல, அட்ரஸை. ரெண்டு லிஸ்ட்டும் ஒரே வீட்டுக்குத்தான் வழி சொல்லுது. எந்த வாசல் வழியா போய்க் கிறுக்கினா என்ன, சுவர் ஒண்ணுதானே?”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நகலில்தான் திட்டுகிறோம், அசலுக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் திட்டியிருக்கிறேன். அத்தனையையும் அசலே வாங்கிக்கொண்டிருக்கிறது. செயற்கூறு தான் செய்ததை என்னிடம் திருப்பிச் சொல்லக்கூட இல்லை. முகவரியைக் கேட்டது, போனது, மாற்றியது, வந்தது. இப்படி ஓசையில்லாமல் வேலை பார்க்கும் ஒருவர்கூட என் அலுவலகத்தில் இல்லை.

மற்றவர்கள் பெருந்தன்மையானவர்கள் என்று எழுத என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மேலாளர் உறையை என் மேசைமேல் வைத்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டு, குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார். வர மறுத்தவர் நீங்கள் ஒருவர்தான். மகளோ, “சைக்கிள் கத்துக்கிட்டப்போ பின்னாடி பிடிச்சிட்டு ஓடி வந்தது மாமா, நீங்க இல்ல. அவர் வரலைன்னா நானும் மண்டபத்துக்கு வரல” என்கிறாள். சொன்னால் செய்கிறவள், அந்தக் குணம் உங்கள் பக்கத்துச் சொத்து. திருமணத்துக்குப் பதினெட்டு நாட்கள்தான் இருக்கின்றன. நடந்ததெல்லாம் இரண்டு நட்சத்திரக் குறிகளின் வேலை என்பதைப் புரிந்துகொண்டு வர வேண்டுகிறேன்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசிகளையும் சேர்ப்பியுங்கள். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இந்த ஒரு விஷயத்திலாவது குற்றமற்ற,
உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மடிக்கும் முன் மகள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். பூஜ்யத்திலிருந்து நாற்பது வரை எண்ணினால் மொத்தம் நாற்பத்தொன்று. நான் நாற்பது என்று சொன்னதால் கடைசிப் பெயர் அச்சாகவே இல்லை என்கிறாள். உங்கள் தங்கையும் நான்கு நாள் மௌனத்தைக் கலைத்து, “ஒரு கவர் மட்டும் மொட்டையா நின்னுச்சு. நீங்கதான் பேனாவை எடுத்து எழுதினீங்க” என்றாள். எனக்கு நினைவில்லை. பதினோரு வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதியிருக்கிறது. உறை உங்களிடம் இருக்கிறது, என் கையெழுத்தும் உங்களுக்குத் தெரியும். மேலே உள்ளதை எல்லாம் என்ன முகத்தோடு படித்தீர்களோ. மொழியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. என்னை மன்னித்து வாருங்கள். ஏணியில் அந்தப் படி முதலிலிருந்தே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த உறையின் மேல் உங்கள் பெயரை மகள் எழுதுகிறாள். பேனாவை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள்.