வெள்ளிமலை ஓட்டு

சிறந்த அறிவிப்பாளர் போட்டியில் ராஜாங்கம் முதலிடத்தில் இருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் சிக்கல்.

கோமுகி எஃப்.எம். வானொலியில் காலை நிகழ்ச்சி அவருடையது. விருதுக்கு நேயர்கள்தான் போனில் ஓட்டுப் போட வேண்டும். ஜெயித்தால் கேடயமும் சென்னை நிலையத்தில் வேலையும் என்று விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் அவருக்கு விழுந்தது மனைவியின் ஓட்டு மட்டும். திருக்கோவிலூரில் அதுவும் இல்லை. ஆனால் வெள்ளிமலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மலையில் அவருக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

"ஓட்ட வெலைக்கு வாங்கிட்டீங்கன்னு பேசிக்கிறாங்க சார்," என்றார் நிலைய மேலாளர் மலர்விழி.

மறுநாள் நிகழ்ச்சியில், தான் யாருக்கும் காலணா கொடுக்கவில்லை என்று ராஜாங்கம் அரை மணி நேரம் விளக்கினார். அன்றைக்கே வெள்ளிமலை ஓட்டு இரண்டு மடங்கானது. சந்தேகமும்தான்.

"நேர்ல போய் அவங்க வாயாலயே சொல்ல வெச்சிடறேன் மேடம். அப்டியே லைவா போட்டுடுங்க."

ஜீப் மலையேறியது. டீக்கடை சாலம்மாளிடம் மைக்கை நீட்டினார். ஊரே சுற்றி நின்றது.

"நம்ம நிகழ்ச்சிய கேப்பீங்களாம்மா?"

"வேற ஸ்டேஷன் இங்க எடுக்காதுங்க. பஸ் வருதா இல்லையான்னு கடைசில நீங்கதான சொல்றீங்க. கேட்டுக்கினேதான் இருப்போம்."

"அவ்ளோ ஆர்வமா?"

"நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸே பூடும்."

தன் பேச்சில் மயங்கி ஓர் ஊரே பஸ்ஸைக் கோட்டை விடுகிறது. ராஜாங்கத்துக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் மண்டையைக் குடைந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இவ்வளவு அன்புக்குக் கைம்மாறு செய்யாமல் மலையிறங்க அவருக்கு மனம் வரவில்லை.

மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விருது வரட்டும், வாங்கிக்கறேன். ஆனா சென்னைக்கு நான் போறதா இல்ல. கடைசிவரைக்கும் உங்ககூடத்தான். நாளையிலேர்ந்து நிகழ்ச்சி ஒரு மணி நேரம் இல்ல, ரெண்டு மணி நேரம்."

யாரும் கை தட்டவில்லை. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாலம்மாள் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இன்னாங்க இப்டி சொல்லிட்டீங்க? ஜெயிச்சா உங்கள சென்னைக்கு இட்டுக்கினு பூடுவாங்கன்னுதான, போன் இல்லாதவங்ககூட இரவல் வாங்கி ஓட்டு போட்டோம்."