சித்தியிடம் தாடியை ரெய்ஸ் செய்தவன்

போக்கரில் பிளஃப் என்றால், கையில் ஒன்றும் இல்லாதபோது எல்லாம் இருப்பதுபோலப் பந்தயத்தை ஏற்றி எதிராளியை விரட்டுவது. எங்கள் குடும்பத்தில் இதற்குக் கல்யாண பயோடேட்டா என்று பெயர்.

நான் இந்தக் கலையை யூடியூபில் பயின்றேன் (பி.டெக். படித்ததைவிடக் கவனமாக). மேஜையில் விரிக்கும் ஐந்து பொதுச் சீட்டுகளில் கடைசிச் சீட்டுக்கு ‘ரிவர்’ என்று பெயர். அது விழுந்த பிறகு, எதிராளி வைத்ததற்கு மேல் பெரிதாக ஏற்றுவதுதான், அதாவது ரெய்ஸ் செய்வதுதான், வீரம் என்றார் அங்கே ஒரு கூலிங்கிளாஸ்காரர். ஏற்றுவது நமக்கு வலிக்க வேண்டுமாம். வலித்தால்தான் நம்புவார்களாம்.

ஒரு ஹர்த்தால் நாள். மட்டாஞ்சேரியில் சித்தப்பாவின் மசாலாக் கடை உட்பட எல்லாம் மூடிக் கிடந்தன. மறுநாள் பெண் பார்க்க ஆலுவா போக வேண்டும். என் போட்டோவில் பெண்ணுக்குப் பிடித்தது தாடி மட்டும்தான் என்று தரகர் சொல்லியிருந்தார். அதே தாடி சித்திக்கு ஆகாது. என்னைக் கரடி என்றுதான் கூப்பிடுவாள்.

பொழுது போகாமல் சித்தப்பா, சித்தி இருவருக்கும் நானே போக்கர் சொல்லிக்கொடுத்தேன். காசு கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டதால், பந்தயத்துக்கு ஜாதிக்காய்.

ஓர் ஆட்டத்தில் சித்தப்பா தோல்வியை ஒப்புக்கொண்டு சீட்டைக் கீழே போட்டுவிட்டு சாயா போடப் போனார். நான் ஐந்து ஹார்ட்ஸ் சீட்டுகள் சேரும் என்று நான்கோடு காத்திருந்தேன். ரிவரில் விழுந்தது கறுப்பு ஏஸ். என்னிடம் ஒரு ஜோடிகூடக் கிடையாது. சித்தி கூச்சத்தோடு ஒரு ஜாதிக்காயை நகர்த்தினாள். அதற்கு ஜோடியாக இன்னொரு ஏஸ் என் கையில் இருக்கிறது என்று நடிக்க இதைவிட நல்ல நேரம் ஏது? ஆனால் என்னிடம் மீந்திருந்த ஜாதிக்காய்க்கு ஈகூடப் பயப்படாது. வலிக்க வேண்டுமே.

“இதோட என் தாடியும்” என்றேன்.

சித்தப்பா கரண்டியோடு ஓடி வந்தார். சித்தி தோற்றால் ஆயுசுக்கும் தாடியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று அவரே பதில் பந்தயத்தை முடிவு செய்தார். (சித்தி வாய் திறக்காத ஒரு விஷயமாவது உலகத்தில் இருக்கட்டுமே என்ற ஆசை.)

சித்தி தன் சீட்டைப் பார்க்கவே இல்லை. என் தாடையையே பார்த்தாள்.

“ஏஸ் உண்டாடா?”

“கால் பண்ணிப் பாருங்க சித்தி” என்றேன். (கால் என்றால், பந்தயத்தை ஏற்றுக்கொண்டு எதிராளியின் சீட்டைக் காட்டச் சொல்வது.)

“உன்கிட்ட என்ன வேணா இருக்கட்டும் மோனே. தாடியில்லாம இந்த மூஞ்சியப் பாக்க ஒரு சான்ஸ் கெடச்சா விடுவேனா? கால்.”

அவளிடம் இருந்தது ஒரு நாலு. மேஜையில் கிடந்த இன்னொரு நாலோடு சேர்ந்து ஜோடி. அது போதுமானதாக இருந்தது.

விரட்ட நினைக்கும் ஆளின் முன்னால், அவள் ஆசைப்படும் பொருளையே வைக்கக்கூடாது என்று கூலிங்கிளாஸ்காரர் சொல்லவில்லை. நான் சித்தியைப் பயமுறுத்தவில்லை, இலை போட்டுச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஆலுவா போய்வந்து எடுக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. சலூனும் மூடியிருந்ததால் சித்தப்பாவின் ரேசர்தான்.

மறுநாள் என் முகம் மேலே வெயிலில் கறுத்தும், கீழே தோலுரித்த கப்பைக்கிழங்காகவும் ஆலுவா போய்ச் சேர்ந்தது. பெண்ணின் அப்பா என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, “பையன் வேற வண்டியிலயா?” என்று கேட்டார். யாரும் கேட்காமலே சித்தி முழுக் கதையையும் எடுத்துவிட்டாள்.

பெண் தீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கையில ஒண்ணுமே இல்லையா?” என்றாள்.

“ஒண்ணுமே இல்ல” என்றேன். பயோடேட்டா போட்டதிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை. அதற்குத்தான் சம்மதம் கிடைத்ததாம்.

கல்யாணமாகிவிட்டது. இப்போதெல்லாம், எர்ணாகுளத்தில் மீட்டிங் நீண்டுவிட்டது, இடப்பள்ளியில் டிராஃபிக் பிளாக் என்று நான் எந்தக் காரணத்தோடு வீட்டுக்குள் நுழைந்தாலும், தீபா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுகிறாள்.

“சீட்டைக் காட்டுங்க.”